டிரைவ், ஃபில்டர், ஆம்ப்: சிந்தசைசரில் எதை முதலில் திருப்புவது?

புதிதாக சிந்தசைசர் வாங்கியவர்களில் பலர் முதல் நாளே டிஸ்டார்ஷன் குமிழைத் தேடிப் போய்த் திருப்புவார்கள். ஒலி சட்டென்று தடிக்கும், கரகரக்கும், கேட்க ஆசையாக இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு கையாலும் ஒரு கார்டு, அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து, பிடித்துப் பார்த்தால் எல்லாம் கலங்கிப்போய் எந்த ஸ்வரம் எது என்றே தெரியாது. குமிழைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பிவிட்டு, இது நமக்குச் சரிவராது என்று அதோடு மறந்துவிடுவார்கள்.

அப்படி விட்டுவிட வேண்டியதில்லை. டிஸ்டார்ஷன் தனக்குள் என்ன வருகிறதோ அதற்கேற்ப நடந்துகொள்ளும். உள்ளே போகும் ஒலி எவ்வளவு பலமானது, அதில் எவ்வளவு கூர்மை இருக்கிறது, எத்தனை ஸ்வரங்கள் சேர்ந்து வருகின்றன என்பதைப் பொறுத்து ஒரே குமிழ் ஒரே இடத்தில் நின்றாலும் விளைவு மாறும். ஆகவே ஃபில்டரையும் ஆம்பையும் சரியாக வைத்துவிட்டு, டிரைவைக் கடைசியில் தொடுவதுதான் நல்ல வழி. கீழே சொல்வது குமிழ்கள் உள்ள கருவிகளுக்கும் கணினியில் ஓடும் மென்பொருள் சிந்தசைசர்களுக்கும் பொருந்தும். பெயர்கள் மட்டும் கருவிக்குக் கருவி மாறும். டிஸ்டார்ஷனை ஒன்றில் டிரைவ் என்றும், இன்னொன்றில் ஓவர்டிரைவ் என்றும், வேறொன்றில் சாச்சுரேஷன் என்றும் எழுதியிருப்பார்கள்.

ஒலி போகும் பாதை

ஆஸிலேட்டர் ஒலியை உண்டாக்குகிறது. ஃபில்டர் அதில் வேண்டாத பகுதியைக் குறைக்கிறது. ஆம்ப் அந்த ஒலி எப்போது எழ வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எப்படி அடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. 1970-இல் வந்த மினிமூக் சிந்தசைசரில் இருந்த இந்த வரிசைதான் இன்றைய பெரும்பாலான கருவிகளிலும் இருக்கிறது.

ஆம்ப் என்ற சொல்லில் ஒரு குழப்பம் வரும். சிந்தசைசர் பேனலில் ஆம்ப் என்று எழுதியிருந்தால், அது ஒவ்வொரு ஸ்வரத்தின் ஒலியளவையும் ஆளும் பகுதி. எஃபெக்ட் பட்டியலில் ஆம்ப் அல்லது ஆம்ப் சிமுலேட்டர் என்று இருந்தால், அது கிடார் ஆம்ப்ளிஃபயரையும் அதன் ஸ்பீக்கர் பெட்டியையும் போலச் செய்வது. இரண்டும் வெவ்வேறு. முதலாவதைத்தான் இங்கே ஆம்ப் என்று சொல்கிறேன். இரண்டாவதைப் பற்றிப் பின்னால் பேசலாம்.

தொடங்கும் முன்

கருவியில் இனிட் பேட்ச் என்று ஒன்று இருக்கும். பேட்ச் என்பது ஓர் ஒலிக்கான குமிழ் அமைப்புகள் எல்லாம் சேர்ந்த தொகுப்பு; இனிட் பேட்ச் அவை எல்லாவற்றையும் வெறுமையாக்கித் தருவது. அதைத் திறந்துகொள்ளுங்கள். கம்பெனி கொடுத்த பேட்ச்களில் ரிவெர்ப், டிலே, கோரஸ் எல்லாம் ஏற்கெனவே கலந்திருக்கும். அவற்றின் மேல் வேலை செய்தால் எந்தக் குமிழ் என்ன செய்தது என்று காதுக்குப் பிடிபடாது. எஃபெக்ட் அனைத்தையும் அணைத்துவிடுங்கள். ஒரே ஒரு ஆஸிலேட்டர் போதும். அதில் சாடூத் அலையை, அதாவது ரம்பப் பல் போன்ற அலையைத் தேர்ந்தெடுங்கள். அடிப்படை ஸ்வரத்துக்கு மேலே அதன் மடங்குகளாக வரும் எல்லா ஹார்மோனிக்குகளும் அதில் இருப்பதால் ஃபில்டர் செய்வது தெளிவாகக் கேட்கும்.

சதுர அலையில் தொடங்க வேண்டாம். அலையின் உச்சியைக் கடுமையாக வெட்டும் டிஸ்டார்ஷனுக்குள் தட்டையான உச்சி கொண்ட சதுர அலையை அனுப்பினால் வெட்டுவதற்கு அங்கே எதுவுமே இருக்காது. அலை வடிவம் மாறாது, ஒலியளவு மட்டும் கூடும். டிரைவ் வேலை செய்யவில்லையோ என்று சந்தேகப்படும் சிலருக்கு உண்மையில் நடப்பது இதுதான்.

இன்னொன்று, இதை மறக்கவே கூடாது. ஹெட்ஃபோனில் கேட்கிறவர்கள் முதலில் மாஸ்டர் வால்யூமைப் பாதிக்கும் கீழே வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரில் ரெசனன்ஸ் என்ற குமிழ் (கீழே வருகிறது) உயரும்போது எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஓர் ஒற்றைக் கூரிய ஒலி சட்டென்று எகிறும். காது திரும்பக் கிடைக்காத பொருள்.

ஃபில்டர்: இங்கே நேரம் செலவழியுங்கள்

லோ-பாஸ் வகையைத் தேர்ந்துகொள்ளுங்கள். கீழ்ப்பகுதி ஒலியைப் போகவிட்டு மேற்பகுதியைக் குறைக்கும் வகை அது. ஒரு தாழ்ந்த ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு கட்-ஆஃப் குமிழை முழுவதும் திறந்த நிலையிலிருந்து மிக மெதுவாக மூடிக்கொண்டே வாருங்கள். கால் நிமிடமாவது எடுக்கட்டும். முதலில் மேலே இருக்கும் பளபளப்பு போகும், அப்புறம் மூக்கால் பேசுவது போன்ற பகுதி மங்கும், கடைசியில் கம்பளிக்குள்ளிருந்து வருவது போன்ற மொத்தை ஒலி மிஞ்சும். இந்தப் பாதையைக் கண்ணை மூடிக்கொண்டு நாலைந்து முறை போய் வாருங்கள். எங்கே நிறுத்தினால் என்ன கிடைக்கும் என்று விரலுக்குத் தெரிந்துவிடும்.

12 அல்லது 24 டெசிபெல் என்று ஒரு சுவிட்ச் இருந்தால், அது ஃபில்டர் எவ்வளவு செங்குத்தாக வெட்டுகிறது என்பதைச் சொல்கிறது. 24 என்றால் கட்-ஆஃபுக்கு மேலே ஒவ்வொரு ஸ்தாயிக்கும் 24 டெசிபெல் குறையும். 12 வைத்தால் மேலே இருக்கும் ஹார்மோனிக்குகள் கொஞ்சம் தப்பித்து வரும். டிரைவ் சேர்க்கப் போகிறோம் என்றால் 24-இல் தொடங்குவது எனக்குப் பிடிக்கும். உள்ளே போவது எளிமையாக இருந்தால் வெளியே வருவது கட்டுக்குள் இருக்கும்.

அடுத்தது ரெசனன்ஸ். கட்-ஆஃப் இருக்கும் இடத்தில் ஒரு மேட்டை எழுப்புவது இதன் வேலை. குமிழைப் பாதி வரை ஏற்றி, கட்-ஆஃபை மறுபடி மெதுவாக மேலும் கீழும் நகர்த்துங்கள். அந்த மேடு ஒவ்வொரு ஹார்மோனிக்காகத் தொட்டுக்கொண்டு போவது விசில் போலக் கேட்கும். பல கருவிகளில் ரெசனன்ஸை முழுவதும் ஏற்றினால் ஃபில்டர் தானாகவே ஒலி எழுப்பத் தொடங்கும். ஸ்வரத்தை விட்டாலும் அது உள்ளே ஒலித்துக்கொண்டுதான் இருக்கும். சிந்தசைசர் வடிவமைப்பாளர் ராபர்ட் மூக் 1969-இல் காப்புரிமை பெற்ற லேடர் வகை ஃபில்டரிலும் அதைப் பின்பற்றிய பலவற்றிலும் ரெசனன்ஸ் ஏற ஏறக் கீழ்ப்பகுதி மெலியும். பேஸ் ஒலிக்கு வயிறு இல்லாமல் போய்விட்டதே என்று தோன்றினால், ஆஸிலேட்டரை ஏற்றுவதற்கு முன் ரெசனன்ஸைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள்.

கீ டிராக் என்ற குமிழைப் பலர் தொடுவதே இல்லை. அது பூஜ்ஜியத்தில் இருந்தால் கட்-ஆஃப் ஒரே இடத்தில் நிற்கும். கீழ் ஸ்வரங்கள் பிரகாசமாகவும் மேல் ஸ்வரங்கள் மங்கலாகவும் வரும். கீபோர்டின் மேல் பக்கம் போகப் போக ஒலி செத்துப்போகிறது என்றால் கீ டிராக்கைப் பாதிக்கு மேல் ஏற்றுங்கள், சரியாகிவிடும்.

ஆம்ப்: நான்கு குமிழ்கள்

அட்டாக், டிகே, சஸ்டெயின், ரிலீஸ். இவற்றில் மூன்று நேரத்தைக் குறிப்பவை, சஸ்டெயின் மட்டும் அளவைக் குறிப்பது. கட்டையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஒலி எந்த அளவில் நிற்க வேண்டும் என்பது சஸ்டெயின். இதையும் நேரம் என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

அட்டாக்கைப் பூஜ்ஜியத்தில் வைத்தால் சில கருவிகளில் ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்திலும் டிக் என்று ஒரு சின்னச் சத்தம் வரும். இப்போது அது பெரிதாகத் தெரியாது. டிரைவ் ஏற்றியபின் ஆணி அடித்தாற்போல் கேட்கும். 2 முதல் 5 மில்லிசெகண்ட் வரை கொடுத்தால் டிக் போய்விடும், வேகமும் குறையாது. ரிலீஸுக்கும் இதே கணக்குதான்.

வேலாசிட்டி என்ற அமைப்பைக் கண்டிப்பாகப் பாருங்கள். கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்துகிறோம் என்பது 1 முதல் 127 வரை ஓர் எண்ணாகக் கருவிக்குள் போகிறது. அந்த எண் ஒலியளவை எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதை ஆம்ப் பகுதியில் வைக்கலாம். இதை ஏற்றிவிட்டு, ஆம்புக்குப் பின்னால் டிரைவ் வைத்தால், மெதுவாகத் தொடும்போது சுத்தமாகவும் அழுத்தும்போது கரகரப்பாகவும் ஒலி வரும். டிஸ்டார்ஷன் வைத்திருக்கிறோம் என்பதே மறந்து, கருவிக்குத் தொண்டை முளைத்துவிட்டது போல இருக்கும். மின்னணுக் கருவியில் விரலின் உணர்ச்சி வெளியே வர இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

டிரைவ் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

இனி டிரைவ். அதைத் தொடும் முன் அது உங்கள் கருவியில் ஃபில்டருக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, ஆம்புக்கு முன்னாலா பின்னாலா என்று தெரிய வேண்டும். கையேட்டில் படம் இருக்கும். இல்லாவிட்டாலும் காதாலேயே கண்டுபிடிக்கலாம். மூன்று சோதனைகள் போதும்.

முதல் சோதனை: ரெசனன்ஸைப் பூஜ்ஜியத்தில் வைத்து, ஃபில்டரை நன்றாக மூடுங்கள், ஒலி மொத்தையாக இருக்கட்டும். ஒரு தாழ்ந்த ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு டிரைவை ஏற்றுங்கள். மூடிய ஃபில்டரையும் மீறிக் கரகரப்பு வெளியே வந்தால் டிரைவ் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கிறது. எவ்வளவு ஏற்றினாலும் ஒலி மொத்தையாகவே இருந்து, கொஞ்சம் பருத்தால் மட்டும் அது முன்னால் இருக்கிறது.

இரண்டாவது சோதனை: ஃபில்டரைத் திறந்துவிடுங்கள். ஆம்பின் டிகேயை நாலைந்து செகண்டுக்கு வைத்து, சஸ்டெயினைப் பூஜ்ஜியமாக்குங்கள். டிரைவை முக்கால் வரை ஏற்றி ஒரு ஸ்வரத்தை அழுத்திப் பிடியுங்கள். ஒலி அடங்க அடங்கக் கரகரப்பும் கரைந்து கடைசியில் சுத்தமாக முடிந்தால் டிரைவ் ஆம்புக்குப் பின்னால் இருக்கிறது. கடைசிவரை அதே கரகரப்போடு, அளவு மட்டும் குறைந்துகொண்டே போனால் ஆம்புக்கு முன்னால். சாடூத் அலையில் வித்தியாசம் பிடிபடவில்லை என்றால் ஹார்மோனிக்குகளே இல்லாத சைன் அலைக்கு மாறுங்கள், பளிச்சென்று தெரியும்.

மூன்றாவது சோதனை கார்டு வாசிக்கிறவர்களுக்கு. டிரைவோடு முதலில் ஒரு ஸ்வரம் வாசியுங்கள், அப்புறம் மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து. மூன்றும் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்டால், உங்கள் கருவி ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனியாக டிரைவ் செய்கிறது. ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு உறுமினால், எல்லாம் கலந்தபின் மொத்தமாக டிரைவ் ஆகிறது. எஃபெக்ட் பகுதியில் இருக்கும் டிஸ்டார்ஷன் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

கார்டு ஏன் கலங்குகிறது

சைன் அலையில் 220 ஹெர்ட்ஸ் ஸ்வரம் ஒன்றை, மேலும் கீழும் ஒரே அளவாக வெட்டும் டிஸ்டார்ஷனுக்குள் அனுப்பினால் 660, 1,100, 1,540 என்று ஒற்றைப்படை மடங்குகள் புதிதாகப் பிறக்கும். ஒரு பக்கம் மட்டும் அதிகமாக வெட்டினால் 440, 880 போன்ற இரட்டைப்படை மடங்குகளும் சேரும். தனி ஸ்வரத்துக்கு இதெல்லாம் சொந்த உறவுகள், சண்டை வராது.

இரண்டு ஸ்வரங்கள் சேர்ந்து போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலும்கூடப் புதிய ஒலிகளாகப் பிறக்கின்றன. ஒரு பக்கம் அதிகமாக வெட்டும் டிஸ்டார்ஷனில் இது நன்றாகவே கேட்கும். 220 ஹெர்ட்ஸை ஷட்ஜமாக வைத்தால் கீபோர்டில் பஞ்சமம் 329.63 ஹெர்ட்ஸ். கழித்தால் 109.63. கீழ் ஸ்தாயி ஷட்ஜம் 110. ஏறக்குறைய அதே இடம், ஆகவே ச-ப சேர்ந்து டிரைவ் ஆனால் கீழே ஒரு பலமான அடித்தளம் கிடைத்தது போல இருக்கும். இப்போது அந்தர காந்தாரத்தை எடுங்கள். கீபோர்டில் அது 277.18 ஹெர்ட்ஸ். கழித்தால் 57.18. அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஷட்ஜம் 55, அடுத்த கட்டை 58.27. இரண்டுக்கும் நடுவில், எந்தச் சுருதியிலும் சேராத ஓர் உறுமல் அடியில் ஓடுகிறது. உங்கள் விரல் சரியான கட்டையில்தான் இருக்கிறது, ஆனால் யாரும் வாசிக்காத ஓர் அபஸ்வரம் கேட்கிறது.

ஆகவே மொத்தமாக டிரைவ் ஆகும் கருவியில் ச-ப, ச-மேல் ச போன்ற சேர்க்கைகளோடு நில்லுங்கள். முழு கார்டு வேண்டும் என்றால் டிரைவைக் கால் பங்குக்குள் வையுங்கள், அல்லது கார்டை மேல் ஸ்தாயியில் அகலப் பிரித்து வாசியுங்கள்.

இப்போது டிரைவை ஏற்றுவோம்

குமிழைக் கரகரப்பு காதில் பட ஆரம்பிக்கும் இடம் வரை ஏற்றி, அங்கிருந்து ஒரு மயிரிழை இறக்குங்கள். தொடங்க அதுதான் சரியான இடம். உடனே ஒரு வேலை இருக்கிறது: ஒலியளவைச் சமப்படுத்துவது. டிரைவ் ஏறினால் ஒலியும் பெரிதாகும். பெரிதாகக் கேட்பதெல்லாம் நம் காதுக்கு நன்றாக இருப்பதாகவே தோன்றும். எஃபெக்டில் லெவல் அல்லது அவுட்புட் என்று ஒரு குமிழ் இருந்தால் அதை இறக்கி, டிஸ்டார்ஷனை அணைத்தாலும் போட்டாலும் ஒரே அளவில் கேட்கும்படி வையுங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஆன், ஆஃப் என்று பத்து முறை மாற்றிக் கேளுங்கள். நான் பேட்ச் அமைக்கத் தொடங்கிய காலத்தில் இதைச் செய்யாமலேயே பல மாதங்கள் ஓட்டினேன். பின்னால் சமப்படுத்திக் கேட்டபோது, வைத்திருந்த பேட்ச்களில் பெரும்பாலானவற்றில் டிரைவைப் பாதியாகக் குறைக்க வேண்டியிருந்தது.

டிரைவ் ஃபில்டருக்குப் பின்னால் இருந்தால் கட்-ஆஃபும் ரெசனன்ஸும்தான் உங்கள் உண்மையான டிரைவ் குமிழ்கள். ரெசனன்ஸ் மேடு டிஸ்டார்ஷனை முட்டும்போதுதான் அந்த அலறல் பிறக்கிறது. ரோலண்ட் டிபி-303 என்ற பேஸ் சிந்தசைசரை வாசிப்பவர்கள் அதன் வெளியே டிஸ்டார்ஷன் பெடல் செருகுவது இதற்காகத்தான். டிரைவை அசைக்காமல் கட்-ஆஃபை மட்டும் நகர்த்திப் பாருங்கள், ஒரே குமிழில் முணுமுணுப்பிலிருந்து அலறல் வரை போய் வரலாம். மாறாக டிரைவ் முன்னால் இருந்தால் அதைத் தைரியமாக ஏற்றலாம், கூர்மையான எச்சத்தை ஃபில்டர் பின்னால் வந்து சீவிவிடும். பேஸ் ஒலிகளுக்கு எனக்கு இந்த அமைப்பே பிடிக்கும்.

ஆம்புக்குப் பின்னால் டிரைவ் இருக்கும் கருவியில் டிகேயும் ரிலீஸும் நீங்கள் வைத்ததைவிட நீளமாகக் கேட்கும். அடங்கும் ஒலியை டிஸ்டார்ஷன் தூக்கிப் பிடிப்பதே காரணம். இரண்டையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். ரிவெர்பும் டிலேயும் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால்தான் வர வேண்டும். முன்னால் வைத்தால் எதிரொலியும் சேர்ந்து நொறுங்கி ஒரே புகைமூட்டமாகிவிடும்.

மென்பொருள் சிந்தசைசரில் இன்னொரு சிக்கலும் உண்டு. 44,100 ஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில், அதாவது ஒலியைச் செகண்டுக்கு 44,100 முறை எண்ணாக்கும்போது, 22,050 ஹெர்ட்ஸுக்கு மேலே எந்த ஒலிக்கும் இடமில்லை. டிஸ்டார்ஷன் உண்டாக்கும் ஹார்மோனிக்குகள் அதைத் தாண்டினால் சுவரில் பட்ட பந்து போலக் கீழே திரும்பி வரும். மேல் ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு பிட்ச் பெண்டை மெதுவாக மேலே தள்ளுங்கள். ஸ்வரம் ஏறும்போது பின்னணியில் ஏதோ ஒன்று இறங்குவது கேட்டால் அதுதான் இது. ஓவர்சாம்பிளிங் என்ற தேர்வு இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் டிரைவுக்கு முன் ஃபில்டரை இன்னும் கொஞ்சம் மூடுங்கள்.

ஆம்ப் சிமுலேட்டர் பற்றி

கிடார் ஸ்பீக்கர் பெட்டி சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே வேகமாக மங்கிவிடும். டிஸ்டார்ஷனின் எரிச்சலூட்டும் சீறல் இருப்பதும் அங்கேதான். அதனால் சிமுலேட்டரில் கேபினெட் என்ற பகுதியை அணைக்காமல் வைத்திருங்கள். அதில் கெயின் என்பது கரகரப்பு, மாஸ்டர் என்பது பெரும்பாலும் ஒலியளவு. கெயினைக் கால் பங்கில் வைத்து, பேஸைக் குறைத்து, மிட்டை நடுவில் விட்டுத் தொடங்குங்கள். சிந்தசைசரின் கீழ் ஸ்தாயி கிடாரைவிட வெகு கீழே போவதால், பேஸைக் குறைக்காவிட்டால் முதலில் அதுதான் சிமுலேட்டரை நெரிக்கும்.

ஆர்கன் ஒலிக்கு இது மிகவும் பொருந்தும். 1935-இல் வந்த ஹேமண்ட் ஆர்கனை லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கரோடு வாசிப்பவர்கள் கால் பெடலை மிதிக்க மிதிக்கக் கரகரப்பு ஏறும். பெடல் லெஸ்லியின் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் இருப்பதே அதற்குக் காரணம். உங்கள் கீபோர்டிலும் எக்ஸ்பிரஷன் பெடலைச் செருகி மிதித்துப் பாருங்கள். ஒலியளவு மட்டும் மாறினால் அது டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் இணைந்திருக்கிறது. கரகரப்பும் சேர்ந்து மாறினால் முன்னால்.

சேமிக்கும்போது

வெளிக் கன்ட்ரோலரில் குமிழ்களை ஒதுக்கிக்கொள்ள நினைத்தால், மிடியில், அதாவது இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறையில், கட்-ஆஃபுக்கு 74, ரெசனன்ஸுக்கு 71, அட்டாக்குக்கு 73, ரிலீஸுக்கு 72 ஆகிய எண்களைப் பல கருவிகள் ஏற்கின்றன. டிரைவுக்கு இப்படிப் பொதுவான எண் கிடையாது, கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

குமிழைத் திருப்பியதும் பேட்ச் சேமிக்கப்பட்டுவிட்டதாக நினைக்காதீர்கள். ரைட் அல்லது சேவ் பட்டனை அழுத்தி, ஒரு காலி இடத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் அது நிற்கும். சேமித்த பேட்சைத் திறக்கும்போது குமிழ் ஓரிடத்திலும் பேட்சில் உள்ள மதிப்பு வேறிடத்திலும் இருக்கும். தொட்டவுடன் ஒலி எகிறிக் குதிப்பது இதனால்தான். அமைப்புகளில் பிக்-அப் அல்லது கேட்ச் என்ற முறையைத் தேர்ந்துகொண்டால், குமிழ் பழைய மதிப்பைக் கடக்கும்வரை ஒன்றும் மாறாது.

ஒரு பேட்சை இரண்டாகச் சேமித்து வையுங்கள். ஒன்றில் டிரைவோடு, மற்றதில் டிரைவ் இல்லாமல், இரண்டும் ஒரே ஒலியளவில். ஹெட்ஃபோனில் அமைத்ததைப் பெரிய ஸ்பீக்கரில் ஒருமுறை கேட்டு, கீழ்ப்பகுதி குழம்பினால் டிரைவுக்கு முன், கீழ்ப்பகுதியைக் குறைக்கும் ஹை-பாஸ் ஃபில்டரை 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் வைத்துத் திருத்தி, அதே இடத்தில் மறுபடி சேமித்துவிடுங்கள்.